எல்லை கடக்கும் ஆசிரியரும் எல்லையில் நிற்கும் தகுதியும்

ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பி.எட். தேறி, விவாகத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ ஓசூரைக் கடந்து பெங்களூரில் குடியேறும் பெண்களும், அயல் மாநிலங்களிலிருந்து நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் போதிக்க வந்து சேரும் ஆசிரியர்களும், தாம் சம்பாதித்த யோக்கியதை தம்மோடு கூடவே வந்துவிடும் என்று நம்புவது இயல்பே. ஆனால் அந்த நம்பிக்கையில் பாதிதான் மெய்.

அமெரிக்காவில் ஒரு மாநிலம் அளித்த ஆசிரியர் உரிமத்தை மற்றொரு மாநிலத்தில் ஏற்கச் செய்ய விண்ணப்ப முறைகள் உண்டு. நம் தேசத்திலோ அப்படியொரு உரிமமே கிடையாது. பட்டமும், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 'டெட்' என்னும் தகுதித் தேர்வுமே இங்கே பிரமாணம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பயின்ற பட்டம் எந்த மாநிலத்திலும் செல்லும். மாநிலங்கள் நடத்தும் டெட் அப்படியன்று. அக்குழுமம் 2011 பிப்ரவரியில் வகுத்த நெறிமுறை, அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் பிற மாநிலத்துத் தேர்ச்சியைப் பரிசீலிக்க இடங்கொடுக்கிறதேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. 2021இல் அச்சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆனபோதும், காலத்தின் வரம்பு நீங்கியதே தவிர மாநிலத்தின் வரம்பு நீங்கவில்லை. மத்திய அரசின் பள்ளிகளுக்கு மத்திய தகுதித் தேர்வான சி-டெட்டே உரியது. சுயநிதிப் பள்ளிகளோ அதையும் ஏற்கலாம், மாநிலத் தேர்வையும் ஏற்கலாம். ஆதலால் இடம்பெயரும் சாத்தியமுள்ளவர்கள் சி-டெட்டையும் எழுதி வைத்துக்கொள்வது விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

தமிழகத்து அரசுப் பள்ளியை நாடி வருவோருக்கு, 2018ஆம் ஆண்டின் 149ஆம் எண் அரசாணைப்படி, டெட் தேறிய பின்னரும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு காத்திருக்கிறது; அதில் தமிழ்த் தகுதித் தாளும் கட்டாயம். சொந்த மாநிலத்துச் சாதிச் சான்றின் சலுகையும் இங்கே கைகொடாது.

இவற்றிலும் அபாயகரமானது ஒன்றுண்டு. வகுப்பில் கால் வைக்காமலே அயல் மாநிலத்துக் கல்லூரியில் பி.எட். வாங்கித் தருவதாக ஆசைகாட்டும் தரகர்களிடம் ஏமாந்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவோர், அக்கல்லூரிக்கு அந்த ஆண்டில் அங்கீகாரம் இருந்ததா என்று விசாரிப்பதேயில்லை. இல்லாதிருந்தால், 1993ஆம் ஆண்டுத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டத்தின் 17(4) பிரிவின்படி, அப்பட்டம் அரசுப் பணிக்கும் உதவிபெறும் பள்ளிப் பணிக்கும் செல்லாது. இழந்த பணத்துக்காகத் தரகர்மீது போலீஸில் பிராது கொடுக்கலாமேயன்றி, அந்தப் பட்டத்துக்கு உயிர் கொடுக்க ஒருவராலும் இயலாது. சேருமுன்பே குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பார்ப்பதும், ஐயமிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்பதுமே பரிகாரம். முப்பது நாளில் பதில் தருவது அலுவலரின் கடமை.

வேறு ஊருக்குப் புறப்படும் வேளையில், கல்வியாண்டு முடியவில்லை என்று காரணங்காட்டி ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைத் தர மறுக்கும் தனியார் பள்ளி நிர்வாகங்களும் உண்டு. கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கன்று, ஈடாகப் பிடித்து வைக்கத் தக்கதுமன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. பள்ளி நிர்வாகத்தை எதிர்ப்பவருக்கும் அந்த நியாயம் துணையாகும். முதலில் ஒப்புகைச் சான்றுடன் விரைவுத் தபாலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்; மறுத்தால் வக்கீல் நோட்டீஸ். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஆசிரியை, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கு வருமானம் பாராமலே இலவச சட்ட உதவி அளிக்கிறது. வேலையில் சேரும் நாளிலேயே, ஒப்படைத்த சான்றிதழ்களின் விவரம் எழுதிய ரசீதைக் கையொப்பத்துடன் வாங்கியிருந்தால் வழக்கின் பாதி வேலை அப்போதே முடிந்திருக்கும்.