கத்தியும் ஏடும் – 12: சிரம்பானில் முளைத்த ஆராய்ச்சி

சென்ற வாரம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தை எழுப்பிய டீன் டி.ஜே. தனராஜைப் பார்த்தோம். இந்த வாரம் மெர்சிங்கிலிருந்து எழுதுகிறேன். தியோமானுக்குப் படகு ஏறும் ஊர் என்றுதான் பலருக்கும் இதைத் தெரியும். மாவட்ட மருத்துவமனையின் இளம் டாக்டர்களுக்கு இது வேறு ஊர். செம்பனைத் தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரைக் கொண்டுவருவார்கள். வலது விலாவுக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தால், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே கறுப்பாக ஒரு கோடு தெரியும். அது ரத்தம். உடனே குளுவாங்குக்கோ ஜொகூர் பாருவுக்கோ ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும்.

"ஆராய்ச்சியெல்லாம் யுனிவர்சிட்டில இருக்கறவங்களுக்குத்தானே, ஐயா?" என்று அப்படி ஓர் இளம் டாக்டர் கேட்டார். அவருக்கான பதில் டாக்டர் எம். பாலசேகரம்.

1960களில் அவர் வேலை பார்த்தது சிரம்பான் பொது மருத்துவமனையில். பல்கலைக்கழகம் அல்ல, அரசாங்க ஆஸ்பத்திரி. விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்களும் கல்லீரல் புற்றுநோய்க்காரர்களும் அவரிடம் வந்தார்கள். அன்று கல்லீரலில் கத்தி வைக்க அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடும் உறுப்பு அது. தையல் போட்டு இழுத்தால் நூல் வெண்ணெயில் போவதுபோல் சதையை அறுத்துக்கொண்டு போய்விடும். உள்ளே போகும் ரத்தக் குழாய்களைச் சற்று நேரம் இறுக்கிப் பிடிக்கும் உத்தியை கிளாஸ்கோவின் பிரிங்கிள் 1908இலேயே சொல்லியிருந்தார். ஆனால் குழாய்களை நெடுநேரம் அடைத்து வைக்க முடியாது.

பாலசேகரம் வெட்டும் இடத்தையே பிடித்தார். வெட்டுக்கோட்டின் ஓரமாகக் கல்லீரலைக் குறுக்கே கவ்வும் நீண்ட இடுக்கி ஒன்றை வடிவமைத்தார். அது கவ்வியிருக்கும்போது சதையைப் பிளந்து, தென்படும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டலாம். அந்த இடுக்கி இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

கருவியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் எழுதியது. ஒவ்வொரு நோயாளியின் கதையையும் சேர்த்து, பிழைத்தவர்களோடு இறந்தவர்களையும் கணக்கில் வைத்து, வெளிநாட்டு அறுவை இதழ்களுக்கு அனுப்பினார். இங்கிலாந்தின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி அவரை ஹன்டேரியன் பேராசிரியராக்கியது. கல்லீரல் அறுவையின் இன்றும் நாளையும் பற்றிய அவரது உரை 1970இல் அக்கல்லூரியின் இதழில் அச்சானது. பிறகு கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குப் போனபோதும் அந்த எழுத்து நிற்கவில்லை. பாரிஸிலும் ஹனோயிலும் அறுவை மருத்துவர்கள் இதே உறுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாநில ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவேட்டிலிருந்து அவர்களுக்குச் சமமாகப் பேசியவர் அவர்.

மெர்சிங் டாக்டருக்கு முன்னால் இருப்பது நீண்ட பாதை: இரண்டாண்டு பயிற்சிப் பணி, பிறகு வெவ்வேறு ஊர்களில் வேலை, மாஸ்டர் படிப்பில் இடம் கிடைத்தால் இன்னும் நான்கு ஆண்டு. பதிவேடு எழுத அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கிருந்து ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, வந்தபோது ரத்த அழுத்தம் என்ன, போனபோது என்ன என்பது எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத தகவல்.

ஆனால் 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில்தான் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26 அன்று பல மருத்துவமனைகளில் அவர்கள் வெளிநடப்புச் செய்ததை நாம் பார்த்தோம். சம்பளமும் பதவியும் மட்டுமல்ல இதில் சிக்கல். கல்லீரலில் பாதியை இழந்தவர் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று எழுத, அவருக்குக் கத்தி வைத்தவர் அதுவரை வேலையில் இருந்தாக வேண்டும். அரசாங்கம் இதற்கு வழி செய்தே தீர வேண்டும்.

(தொடரும்)