மறுத்துப் பேசப் பழகும் ஆங்கிலம்

பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்று, நாளிதழையும் நாவலையும் தடையின்றிப் படிக்கத் தேர்ந்துவிட்ட ஒருவர், பேச வாய் திறக்கும்போது மட்டும் பள்ளி நாள்களில் கைவந்த சில வாக்கிய அமைப்புகளுக்குள்ளேயே சுழன்றுகொண்டிருப்பது, மொழி கற்பிப்போர் நன்கறிந்த ஒரு தேக்கநிலை. அவர் அறிந்த சொற்களில் பெரும்பகுதி கண்டால் பொருள் விளங்குபவையாக இருக்கின்றனவேயன்றி, வேண்டிய நொடியில் நாவில் வந்து நிற்பவையாக இல்லை. அன்றாட உரையாடலை எளிய சொற்களாலேயே நடத்திவிட முடிவதால், அரிய சொற்களைத் தேடி எடுக்க வேண்டிய நெருக்கடியும் அவருக்கு நேர்வதில்லை.

இந்த நெருக்கடியின் இன்றியமையாமையைக் கனடாவின் பள்ளிகள் உணர்த்தின. கியூபெக் மாநிலத்தின் செயின்ட் லாம்பர்ட் நகரில் 1965இல், ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தும் கல்விமுறை தொடங்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவியது. அப்பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மிக உயர்ந்த நிலையை எட்டியபோதிலும், பேச்சிலும் எழுத்திலும் அவர்களுடைய இலக்கணம் பின்தங்கியே இருந்ததைக் கண்ட மெரில் ஸ்வெய்ன் என்னும் மொழியியலறிஞர், கேட்பது மட்டுமே போதாது, துல்லியமாகப் பேசியே ஆக வேண்டும் என்ற உந்துதல் கற்பவருக்கு வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். பேச முயலும்போதுதான் தமக்கு எது வரவில்லை என்பதைக் கற்பவர் கண்டுகொள்கிறார் என்பது அவருடைய கருத்தின் சாரம். இரு அணிகள் ஒரு தீர்மானத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பேசும் விவாதம், அந்த உந்துதலை வகுப்பறைக்குள் கொண்டுவரும் வழிகளுள் வலிமை மிக்கது.

1981இல் கிளாஸ்கோவில் முதன்முதலாக நடைபெற்றதும், 2014இல் சென்னைக்கு வந்ததுமான உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியின் விதிகளை நோக்கினால் இது விளங்கும். தீர்மானம் அறிவிக்கப்பட்ட பின் ஆயத்தத்திற்குக் கிடைப்பவை 15 நிமிடங்களே. எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேச்சாளர் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. ஒவ்வொருவருக்கும் 7 நிமிடங்கள் உண்டு. அவற்றுள் முதல் நிமிடமும் இறுதி நிமிடமும் நீங்கலாக இடைப்பட்ட நேரத்தில் எதிரணியினர் எழுந்து குறுக்கு வினா தொடுக்கலாம். மனப்பாடத்திற்கு இடமில்லாத இந்த அமைப்பில், கேட்பதும் சிந்திப்பதும் பேசுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக நிகழ்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்கெனத் தனிப் பிரிவும் அப்போட்டியில் உண்டு.

விவாதத்தின் பகுதிகளுள் கற்பவருக்கு மிகுந்த பயன் தருவது, எதிரணியின் வாதத்தை எடுத்து விடையிறுக்கும் மறுப்புரையே ஆகும். தீர்மானம் முன்கூட்டியே தெரிந்துவிடும் வகுப்பறை விவாதத்தில், தொடக்க உரையை வீட்டிலேயே எழுதி உருப்போட்டுவிட முடியும். மறுப்புரையை அவ்வாறு செய்ய முடியாது. எதிரணி கூறியதைத் தம் சொற்களில் சுருக்கிச் சொல்லி, அதில் ஏற்கத்தக்கதை ஏற்று, ஏற்கத் தகாததைக் காரணத்துடன் மறுத்து, தம் வாதத்தோடு அதை ஒப்பிட்டுக் காட்டும் இந்த வரிசை, உயர்நிலை ஆங்கிலத்தின் நுட்பங்கள் பலவற்றைத் தானாகவே வேண்டி நிற்கிறது. ‘ஐ டோன்ட் அக்ரீ’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிட்டவர், ‘ஈவன் இஃப் வீ அக்செப்ட் தட்’ என்று தொடங்கி எதிரியின் கூற்றை ஒரு கணம் ஏற்று, அதன் பின்னும் தம் முடிவு நிலைப்பதை நிறுவக் கற்கிறார். உறுதியின் அளவைக் காட்டும் ‘மே’, ‘மைட்’, ‘வுட்’ போன்ற துணைவினைகளும், நிகழாததைக் கற்பனையாக வைத்துப் பேசும் நிபந்தனை வாக்கியங்களும், இலக்கணப் பயிற்சியேட்டில் பெறாத உயிரை இங்கே பெறுகின்றன.

கூச்சமுள்ள மாணவருக்கும் இம்முறை துணை நிற்கிறது என்பது பலர் கவனியாத உண்மை. கட்டற்ற குழு உரையாடலில் உரத்த குரலுடையோரே பெரும்பான்மை நேரத்தை எடுத்துக்கொள்கின்றனர். விவாதத்திலோ ஒவ்வொருவருக்கும் உரிய நிமிடங்களைப் பிறர் பறிக்க முடியாது. பக்கம் முன்கூட்டியே ஒதுக்கப்படுவதால், பேசுவது தம் சொந்தக் கருத்தாகக் கொள்ளப்படுமோ என்ற தயக்கமும் நீங்குகிறது.

ஒரே தீர்மானத்தைப் பக்கம் மாற்றி மறுமுறை விவாதிக்கச் செய்வது, ஆசிரியர்கள் பெரிதும் புறக்கணிக்கும் அரிய உத்தி. ஒன்றையே மீண்டும் பேசுவதன் பயன் முன்பே அறியப்பட்டதுதான்: ஒரே செய்தியை வெவ்வேறு கேட்போரிடம் முதலில் 4 நிமிடங்களிலும், பின்னர் 3, 2 நிமிடங்களிலும் சொல்லவைக்கும் பயிற்சியை மொழிக் கல்வியாளர் கீத் மாரிஸ் 1983இல் முன்வைத்தார். இதனால் பேச்சின் சரளம் கூடுவதை மொழியியலறிஞர் பால் நேஷன் 1989இல் ஆராய்ந்து காட்டினார். பக்கம் மாறும் விவாதத்தில் இப்பயனோடு மற்றொன்றும் சேர்கிறது: முதல் சுற்றில் எதிரணியின் வாயிலிருந்து கேட்ட சொற்றொடர்கள், இரண்டாம் சுற்றில் கேட்டவரின் கருவிகளாகிவிடுகின்றன.

பிழை திருத்தத்தைப் பேச்சின் நடுவே செய்வது, எண்ண ஓட்டத்தை அறுத்துவிடும். ஆசிரியர் குறிப்பெடுத்துக்கொண்டு, பலருக்கும் பொதுவான பிழைகளை முடிவில் விளக்குவதும், மாணவர் தம் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, அதில் இரண்டு நிமிடப் பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தாமே திருத்துவதும் நல்ல பலன் தரும். தீர்மானமும் மாணவர் அறிந்த பொருளிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். பொருளறிவின்மையால் எழும் தடுமாற்றத்தை மொழிக்குறையாகக் கருதிவிடும் தவறு அப்போதுதான் நேராது.

ஆறுதல் கூறுதல், நலம் உசாவுதல், இணைந்து முடிவெடுத்தல் போன்ற மென்மையான பேச்சு வகைகளை விவாதம் கற்றுத்தராது; அவற்றுக்கு வேறு பயிற்சிகள் வேண்டும். அடிப்படை வாக்கியங்களே கைவராத தொடக்கநிலையினரை இதில் இறக்குவதும் தகாது. ஆயினும், எழுதிய தாளைப் பார்த்து ஒப்பிப்பதையே விவாதம் என்று நடத்திவரும் கல்லூரிகள், அந்தத் தாளைத் தடை செய்து, மதிப்பெண்ணில் பாதியையேனும் மறுப்புரைக்கு ஒதுக்க முன்வர வேண்டும்.