ஏழு நாளில் இலங்கை: குழுவாகப் போய் வருவது எப்படி?



சென்ற வருடம் நம் கூட்டமைப்பிலிருந்து நாற்பது பேர் ராமேசுவரம் போய் வந்தோம். தனுஷ்கோடிக் கரையில் நின்றபோது ஒரு அக்கா கேட்டார்: "ஏனுங்க, இங்கிருந்து இலங்கைக் கரை முப்பது கிலோமீட்டருங்கறாங்க. கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போற தூரங்கூட இல்லியே! நம்மளாட்டம் ஆளுங்க போயிட்டு வர முடியாதுங்களா?"

அன்றைக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முடியும், சகோதரிகளே. ஆனால் ராமேசுவரம் போன மாதிரி போகக் கூடாது. அந்தப் பயணத்தில் மூன்று நாளில் பதினோரு கோயில் பார்த்தோம். ஊர் திரும்பியதும் எந்தக் கோயில் எந்த ஊரில் என்று பாதிப் பேருக்கு நினைவில்லை. இரண்டு பேருக்குக் கால் வீங்கி, ஒரு வாரக் கூலி போனது. இலங்கை பார்வைக்குச் சின்னத் தீவுதான். ஆனாலும் அதன் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் சரிபாதி. அதை ஏழு நாளில் முழுக்கச் சுற்ற நினைத்தால் வண்டி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வருவோம். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்வதுதான் திட்டம்.

பணம் எங்கிருந்து?

முதல் விதி: சுற்றுலாவுக்கு உள்கடன் வாங்கக் கூடாது. சுழல்நிதியையும் வங்கிக் கடனையும் தொடவே கூடாது. மாடு வாங்கினால் பால் வரும், தையல் மிஷின் வாங்கினால் கூலி வரும். சுற்றுலா போனால் மனசு நிறையும், தவணை கட்டப் பணம் வராது.

போக விரும்புகிறவர்கள் மட்டும் தனியாகச் சேமிக்கலாம். உதாரணத்துக்கு, ஒருவருக்கு 48,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் கட்டினால் 24 மாதம். இதற்குத் தனி நோட்டு, தனிக் கணக்கு வேண்டும். நடுவில் விலகுகிறவருக்குப் பணத்தை எப்படித் திருப்புவது என்றும் முன்கூட்டியே தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

பாஸ்போர்ட்டும் பயண அனுமதியும்

கோவையிலேயே மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சாதாரண முறையில் எடுக்க 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. நம் பெண்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து, ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயர். அதை முதலில் சரி செய்யுங்கள். அதற்கே சில மாதம் பிடிக்கும்.

"நான் பத்தாவது முடிக்கலியே, வெளிநாடு விடுவாங்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக விடுவார்கள். படிப்பைப் பார்ப்பது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்தத் தடை கிடையாது.

அடுத்தது ஈ.டி.ஏ. என்கிற பயண அனுமதி. கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் வாங்க வேண்டும். கட்டணமும் விதியும் அவ்வப்போது மாறுகின்றன. இலங்கை அரசின் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். பார்ப்பதற்கு அதே மாதிரி தளம் வைத்துக் கூடுதல் பணம் வாங்குகிற தரகர்களும் உண்டு. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மதுரை, திருச்சியிலிருந்தும் விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் அது நின்றுவிடும். அது போய்ச் சேர்வதும் யாழ்ப்பாணப் பக்கம். யாழ்ப்பாணத்தையும் நல்லூர் முருகனையும் இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

கதிர்காமமா, திருக்கோணேசுவரமா?

கூட்டத்தில் பெரிய சண்டையே இதில்தான் வந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கதிர்காமம் என்றார்கள். மற்றவர்கள் சம்பந்தர் பாடிய திருக்கோணேசுவரம் என்றார்கள். ஒன்று தெற்குக் கோடி, ஒன்று கிழக்குக் கரை. ஏழு நாளில் இரண்டும் வேண்டாம்.

மழையே இதற்குத் தீர்ப்பு சொல்லும். இலங்கையில் இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலும் மலையிலும் மழை, அப்போது கிழக்கே வெயில். ஐப்பசி முதல் தை வரை வடக்கிலும் கிழக்கிலும் மழை. ஆகையால், மஞ்சள் வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் போவதானால் கதிர்காமம். பள்ளிக்கூட லீவில், மே மாதம் போவதானால் திருக்கோணேசுவரம். சித்திரைப் பிறப்பை ஒட்டி மட்டும் போகாதீர்கள். சிங்களவருக்கும் தமிழருக்கும் அதுதான் புத்தாண்டு, கடையெல்லாம் அடைத்திருக்கும். பௌர்ணமிதோறும் அங்கே அரசு விடுமுறை, அன்றைக்குக் கோயில்களில் கூட்டம் அதிகம்.

மாசியில் போனால் திட்டம் இப்படி:

முதல் நாள்: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கித் தம்புள்ளை, சுமார் 150 கிலோமீட்டர். அன்றைக்கு வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாம் நாள்: விடிகாலையில் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற ராஜா பாறை உச்சியில் கட்டிய கோட்டை. ஆயிரத்துக்கு மேல் படி. முட்டி வலி உள்ளவர்கள் கீழே தோட்டத்தைப் பார்த்தாலே போதும். மாலையில் தம்புள்ளைக் குகைக் கோயில்.

மூன்றாம் நாள்: கண்டி, 72 கிலோமீட்டர்தான். வழியில் மாத்தளை முத்துமாரியம்மன். மாலையில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை.

நான்காம் நாள்: பேராதனைப் பூங்கா பார்த்துவிட்டு நுவரெலியா.

ஐந்தாம் நாள்: சீதா எலியவில் சீதையம்மன் கோயில், பிறகு மலை இறங்கிக் கதிர்காமம்.

ஆறாம் நாள்: காலையில் மாணிக்க கங்கையில் குளித்து சாமி தரிசனம். பழனி மாதிரி அலங்காரத்தை எதிர்பார்க்காதீர்கள். மூலஸ்தானத்தை மறைத்துத் திரை தொங்கும், அது விலகாது. திரையைத்தான் கும்பிட வேண்டும். தமிழர், சிங்களவர், வேடர் எல்லோருக்கும் அவர் சாமி. பகலில் கிளம்பி விரைவுச் சாலையில் கொழும்பு.

ஏழாம் நாள்: கொழும்பில் கடைவீதி, பிறகு விமானம்.

மே மாதம் போனால் மூன்றாம், நான்காம் நாளைத் திருகோணமலைக்கும் கன்னியாய் வெந்நீர்க் கிணறுகளுக்கும் கொடுங்கள். ஐந்தாம் நாள் கண்டி, ஆறாம் நாள் நுவரெலியா. ஏழாம் நாள் காலையிலேயே மலை இறங்கிவிட வேண்டும், விமானம் இரவில் இருக்க வேண்டும்.

இரண்டு வழியிலும் நுவரெலியாவை விடவில்லை. காரணம் இருக்கிறது.

தேயிலை மலையில் நம் பெண்கள்

அங்கே கொழுந்து பறிக்கிற பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வெள்ளைக்காரர் காலத்தில், முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கூட்டிப் போனவர்களின் வாரிசுகள். 1948-ல் வந்த சட்டத்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நின்றார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோர் இந்தியா திரும்பினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, தொடங்கப்பட்டது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் நம் குழுக்களிலேயே அந்தக் குடும்பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அக்கா இங்கே, தங்கச்சி அங்கே என்று பிரிந்தவர்கள் உண்டு.

ஆகவே, தோட்டத்தில் இறங்கினால் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு ஏறிவிடாதீர்கள். "எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீங்க, எத்தனை கிலோ பறிக்கணும், சேமிப்பு உண்டா?" என்று கேளுங்கள். பதில் தமிழிலேயே வரும். 2025 நவம்பரில் டித்வா புயலால் இந்த மலைகளில் நிலச்சரிவு ஏற்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். சாலையும் ரயில் பாதையும் பழுதாயின. கிளம்பும் முன் வழி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

மறக்கக் கூடாதவை

"அங்க இன்னும் சண்டை நடக்குதுங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். போர் 2009-லேயே முடிந்துவிட்டது.

அசைவம் சாப்பிடாதவர்கள் தேங்காய்ச் சம்பல் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் மாசி என்கிற கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். இடியாப்பம், பருப்பு எங்கும் கிடைக்கும்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது. அங்கே அது பெரிய அவமரியாதை.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். விலையைக் கேட்டதும் பயப்படாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். நுழைவுச் சீட்டு வாங்கும்போது சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரை எட்டு நாளுக்கு அல்ல, பத்து நாளுக்கு எடுங்கள். டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். நகை வீட்டிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்து வைக்காதீர்கள், அது அவரவர் பையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வியை மட்டும் பேசுங்கள்: யார் யார் வருகிறோம்? எந்த மாதம்? மாதம் எவ்வளவு கட்ட முடியும்? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தனுஷ்கோடியில் கேட்ட அக்கா முதல் மாதத் தவணையைக் கட்டிவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்தவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.