மறுபதிப்பு இல்லாத தமிழ்த் திரைப்பட வட்டுகள்

விசிடி, டிவிடி, புளூ-ரே ஆகிய வட்டுகளில் வெளியாகி, விற்றுத் தீர்ந்தபின் மீண்டும் தயாரிக்கப்படாத திரைப்படங்களைச் சேகரிப்பாளர்கள் 'பதிப்பு நின்றவை' என்கிறார்கள். கடைக்காரர்கள் 'இப்போ வர்றதில்லை' என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். உலகெங்கும் உள்ள சிக்கல்தான் இது. ஆனால் பல தமிழ்ப் படங்களுக்கு நல்ல படச்சுருள் எங்கும் இல்லாததால், வட்டு நின்றுபோவது இங்கே கூடுதல் இழப்பாகிறது.

வட்டுகள் வந்த வழி

1980களில் வீடுகளில் படம் பார்க்க வீடியோ கேசட்தான் இருந்தது. விசிடிக்கான தரநிலை 1993இல் வகுக்கப்பட்டது. சாதாரணக் குறுந்தகட்டிலேயே படத்தையும் பதியும் முறை அது. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம் மட்டுமே அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. 'இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று' என்று நாம் பழகிக்கொண்டது அதனால்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விசிடி பெரிதாக எடுபடவில்லை. சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா ஆகிய இடங்களில்தான் அது வேரூன்றியது.

டிவிடி 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விட்டம் அதே 12 செ.மீ.தான், கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு அடுக்கு கொண்டதானால் 8.5 ஜிபி. தமிழ்ப் படங்களின் தரமான டிவிடிகளில் கணிசமான பங்கு முதலில் வெளிநாட்டுத் தமிழர்களுக்காகத் தயாரானவை. லண்டனிலிருந்து இயங்கிய ஐங்கரன் இன்டர்நேஷனல், சென்னையின் ஏ.பி. இன்டர்நேஷனல் ஆகிய பெயர்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்வார்கள். ஆங்கில வசன வரிகளும் ஓரளவு தெளிவான படமும் அவற்றில் இருந்தன. உள்ளூர்க் கடைகளுக்கு அவை சிறிய அளவிலேயே வந்தன, விலையும் அதிகம்.

28 ரூபாய் விசிடி

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது மோசர் பேயர் நிறுவனம். 1983இல் டெல்லியில் தொடங்கி, பிளாப்பி, எழுதக்கூடிய குறுந்தகடு எனப் படிப்படியாக வளர்ந்த இந்த நிறுவனம், 2006இல் திரைப்பட வட்டு வெளியீட்டில் இறங்கியது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய். அதுவரை அசல் வட்டுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களுக்கு இது நம்ப முடியாத விலை. மளிகைக் கடையிலும் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலும்கூட அசல் வட்டுகள் தொங்கின. ஆயிரக்கணக்கான இந்தியப் படங்களின் வட்டு உரிமையை அந்த நிறுவனம் வாங்கிக் குவித்தது. 'பூ', 'ராமன் தேடிய சீதை' போன்ற தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் பங்கேற்றது.

விலைக்குறைப்பின் நோக்கம் திருட்டு விசிடியை ஒழிப்பது. தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. சட்டம் செய்ததைவிட 28 ரூபாய் அதிகம் செய்தது என்பது என் கருத்து. நடுத்தரக் குடும்பத்துக்கு முதன்முறையாக 'சொந்தப் படம்' வாய்த்தது.

ஆனால் ஒரு கூடையில் எல்லா முட்டைகளும் போய்ச் சேர்ந்திருந்தன. நிறுவனம் கடனில் மூழ்கி 2017இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 2018இல் அதைக் கலைத்துச் சொத்துகளை விற்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தப் பெயரில் வந்த வட்டுகள் அப்படியே நின்றன.

இடையில் இயக்குநர் சேரன் வேறொரு வழியை முயன்றார். 'சினிமா டு ஹோம்' என்ற திட்டத்தில், 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 2015 மார்ச்சில் நேரடியாக டிவிடியாகவே வெளியிட்டார். விலை 50 ரூபாய். திரையரங்கு கிடைக்காத சிறு படங்களுக்கு அது ஒரு வாசலாகியிருக்கலாம். திட்டம் நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே நெட்பிளிக்சும் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்தன, ஜியோவின் மலிவு இணையமும் வந்தது.

ஏன் மீண்டும் வருவதில்லை?

'ஒரு முறை போட்ட வட்டை இன்னொரு முறை போட்டால் என்ன?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முதல் தடை உரிமம். வட்டு வெளியிடும் நிறுவனம் படத்தை வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வட்டாக விற்கும் உரிமையை மட்டுமே வாங்குகிறது. காலம் முடிந்தால் கையிருப்பை விற்றுத் தீர்க்கலாம், புதிதாகத் தயாரிக்க முடியாது. தமிழ்ப் படங்களில் திரையரங்கு உரிமை, தொலைக்காட்சி உரிமை, வெளிநாட்டு உரிமை, நெகட்டிவ் உரிமை என ஒவ்வொன்றும் தனித்தனியே கைமாறியிருக்கும். தயாரிப்பாளர் மறைந்து, வாரிசுகள் பிரிந்து, பைனான்சியரிடம் பத்திரம் இருந்தால், கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இது நம் ஊரின் கோளாறு மட்டுமல்ல. பழைய படங்களைச் சீராக வெளியிடுவதில் பேர்பெற்ற அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனமும், 2010இல் பிரான்சின் ஸ்டூடியோகனால் நிறுவனத்திடமிருந்து பெற்றிருந்த உரிமங்கள் முடிந்ததால், 'தி தேர்ட் மேன்' உள்ளிட்ட பல படங்களை விற்பனையிலிருந்து விலக்க நேர்ந்தது. பழைய வட்டுகளின் விலை உடனே ஏறியது.

இரண்டாவது தடை தயாரிப்பு முறை. அசல் வட்டு கணினியில் எழுதப்படுவதில்லை, அச்சில் வார்க்கப்படுகிறது. முதலில் கண்ணாடி மூலம், அதிலிருந்து நிக்கல் அச்சு, அந்த அச்சில் உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அழுத்தி வட்டு, அதன்மேல் அலுமினியப் பூச்சு. கண்ணாடி மூலமும் நிக்கல் அச்சும் செய்யும் செலவு நூறு வட்டுக்கும் பத்தாயிரம் வட்டுக்கும் ஒன்றுதான். முந்நூறு பேர் கேட்கிறார்கள் என்பதற்காக யாரும் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள். வார்னர் நிறுவனம் 2009 முதல், கேட்பவருக்கு மட்டும் எழுதித் தரும் வட்டுகளை விற்கத் தொடங்கியது. தமிழுக்கு அப்படி ஒரு முயற்சி நடந்திருந்தால் பலன் இருந்திருக்கும்.

'ஏதோ ஒரு பிரதி' போதாதா?

சேகரிப்பாளர்கள் ஒரே படத்தின் இரண்டு மூன்று பதிப்புகளை வைத்திருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரே டிவிடியில் மூன்று படங்கள் என்று விற்றது நினைவிருக்கும். மூன்று படம் ஏழரை மணி நேரம், அதாவது 27,000 நொடி. வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 3,760 கோடி பிட்டுகள். வகுத்தால் நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட். பழைய விசிடியின் வேகமும் ஏறத்தாழ இதுவே. ஒரே படம் மட்டும் இருந்தால் நொடிக்கு 42 லட்சம் பிட் கிடைக்கும். உறையில் டிவிடி என்று இருந்தாலும், மூன்று படங்களை அடைத்த வட்டுக்குக் கிடைக்கும் தகவல் விசிடிக்குக் கிடைத்த அளவுதான்.

அடுத்தது திரையின் அளவு. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்' (1973). அதற்குப்பின் வந்த அகலத்திரைப் படங்களைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பொருத்த, இரு பக்கமும் வெட்டி வட்டில் போட்டார்கள். 2.35க்கு 1 என்ற அகலத்தை 1.33க்கு 1 ஆக்கினால் காட்சியில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இருவர் மூக்கு மட்டும் தெரிவது இதனால்தான். போதாக்குறைக்கு, மூலையில் நிறுவன முத்திரை இருக்கும். பாடல் ஒன்றிரண்டு வெட்டுப்பட்டிருக்கும். இவை எதுவும் இல்லாமல், முழு அகலத்தில், வசன வரிகளுடன் வந்த பதிப்பு ஒன்று இருந்து அது நின்றுபோனால், 'படம்தான் வேறு வட்டில் கிடைக்கிறதே' என்பது பதிலாகாது. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளும் இப்படி வெட்டுப்பட்ட வட்டுகளிலிருந்து ஏற்றப்பட்டவையே.

பணியில் இருந்தபோது, விடுதலைப் போராட்டப் பாடம் வரும்போதெல்லாம் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) விசிடியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். வ.உ.சி.யும் பாரதியும் சிவாவும் ஒரே படத்தில் வருவதால் மூன்று பாடத்துக்கு அது ஒன்றே போதும். ஒரு முறை இரண்டாவது வட்டு நடுத்துளை அருகே விரிந்துவிட்டது. சேதராப்பட்டிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரியில் கடை கடையாகக் கேட்டேன். "அந்தக் கம்பெனியே இல்ல சார், இனிமே வராது" என்றார் ஒருவர். அதன்பிறகு சில ஆண்டுகள் பிள்ளைகள் பாதிப் படம்தான் பார்த்தார்கள். மீதியை நான் வாயால் சொல்லி முடித்தேன்.

மூலமே இல்லாதபோது

வட்டு நின்றாலும் மூலப் படச்சுருள் இருந்தால் என்றாவது புதுப்பிக்கலாம். 'கர்ணன்' (1964) அப்படித்தான் டிஜிட்டலில் சீரமைக்கப்பட்டு 2012இல் திரையரங்குகளில் மீண்டும் ஓடியது. 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) 2014இல் வந்தது.

எல்லாப் படங்களுக்கும் அந்தப் பேறு இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட இன்றி அழிந்தது. அது பழங்காலம் என்று தள்ளிவிட முடியாது. தேசிய விருது பெற்ற 'வீடு' (1988) படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று அதன் இயக்குநர் பாலு மகேந்திராவே வேதனையோடு கூறியிருக்கிறார். நெகட்டிவ்கள் பொதுவாகப் படச்சுருள் பதனிடும் கூடங்களில் கிடக்கும். பாக்கித் தொகை கட்டாதவை, உரிமையாளர் தேடி வராதவை என்று அடுக்கி வைத்திருப்பார்கள். திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறியபின் அந்தக் கூடங்களுக்கும் வேலை போயிற்று. அசெட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்த காடி வாடை வீசிச் சுருங்கிப் போகும். நம் கடற்கரைக் காலநிலை அதற்கு எமன்.

அத்தகைய படங்களுக்கு, ஒரு காலத்தில் நல்ல பிரதியிலிருந்து எடுத்து வெளியிட்ட டிவிடியே எஞ்சியுள்ள சிறந்த வடிவமாக இருக்கக்கூடும்.

நூலுக்கு உண்டு, வட்டுக்கு இல்லை

இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஆகவே பதிப்பு நின்ற நூலைத் தேடிப் போக ஓர் இடம் இருக்கிறது. திரைப்பட வட்டுகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்சில் நூல்களுக்கு இந்த ஏற்பாடு 1537இலேயே தொடங்கியது. இன்று அங்கே விற்பனைக்கு வரும் வீடியோ வட்டுகளும் தேசிய நூலகத்துக்குச் சென்றாக வேண்டும். நிர்வாகத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எத்தனையோ பழக்கங்களை வைத்துக்கொண்ட நாம், இந்த ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

1964இல் தொடங்கப்பட்ட புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருள்களைக் காத்துவருகிறது. அங்கேயும் 2003 ஜனவரியில் ஏற்பட்ட தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. கடையில் விற்ற வட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கும் பொறுப்பு எந்த அரசு நூலகத்திடமும் இல்லை. அந்த வேலையைத் தனி மனிதர்கள் தங்கள் அலமாரிகளில் செய்துவருகிறார்கள்.

காப்புரிமைக் காலம் பற்றியும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 'கப்பலோட்டிய தமிழன்' படத்தின் காலம் 2021 இறுதியோடு முடிந்தது. நல்ல பிரதி கையில் இருக்கிறவர் அதை வெளியிடப் படவுரிமை இனித் தடையில்லை. அந்த நல்ல பிரதி யாரிடம் இருக்கிறது என்பதே இப்போதைய கேள்வி.

வட்டின் ஆயுள்

கையில் இருக்கும் வட்டும் சாசுவதமல்ல. அலுமினியப் பூச்சின்மேல் இருக்கும் அரக்குப் பூச்சு மெல்லியது. அதில் கீறல் விழுந்தால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் துருப்பிடிக்கும். விசிடியைப் பொறுத்தவரை, பளபளக்கும் அடிப்பக்கக் கீறலைவிடப் படம் அச்சிட்ட மேல்பக்கக் கீறலே ஆபத்தானது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை போல ஒளி தெரியும், அங்கே பூச்சு போய்விட்டது என்று பொருள். டிவிடி இரண்டு மெல்லிய தட்டுகளை ஒட்டிச் செய்தது, பசை விட்டால் ஓரம் பிரியும்.

வட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் புத்தகம்போல நிறுத்தி வைக்க வேண்டும். துடைக்கும்போது வட்டமாகச் சுற்றித் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மென்துணியால் துடைக்க வேண்டும். மேலே விலைச் சீட்டோ பெயர்ச் சீட்டோ ஒட்டக் கூடாது. பழைய வட்டு வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி அல்லது பொன் நிறமாக இருந்தால் பெரும்பாலும் ஆலையில் வார்த்தது. ஊதாச் சாயல் தெரிந்தால் யாரோ கணினியில் எழுதியது, அதிலுள்ள சாயம் வெயிலில் வெளுக்கும்.

வட்டை ஓட்டும் கருவியும் அருகிவருகிறது. புதிய மடிக்கணினிகளில் தட்டு வைக்கும் இடமே கிடையாது. 1998 முதல் அஞ்சலில் டிவிடி அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அதை நிறுத்தியது. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டிவிடி பிளேயர்களைக் காணலாம். வாங்குகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு வட்டைக் கையோடு எடுத்துப் போய், ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.