ஸ்கூபா கருவிகளை மதிப்பிடுதல்

ஸ்கூபா கருவிகளை மதிப்பிடுதல் என்பது, தன்னோடு எடுத்துச்செல்லும் காற்றைக் கொண்டு நீருக்கடியில் சுவாசிக்கும் முக்குளிப்பவரின் கருவிகள் பாதுகாப்பானவையா, அவற்றைப் பற்றிக் கூறப்படுவன உண்மையா என்பதை ஆராய்ந்து முடிவு செய்வதாகும். காற்று உருளை, அழுத்தச் சீராக்கி, மிதப்புக் கட்டுப்பாட்டுச் சட்டை, அழுத்தமானி, முழுக்குக் கணினி ஆகியவை இக்கருவிகளுள் முதன்மையானவை. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். எனவே புதிய கருவிகளைப் பற்றி இதழ்களிலும் இணையத்திலும் வெளியாகும் மதிப்புரைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது முக்குளிப்பவர்களுக்கு இன்றியமையாத கேள்வியாகும்.

பொதுவாக, ஒரு கருவி பயன்படுத்த வசதியானதா என்பதை மதிப்புரையால் கூற இயலும். அது பாதுகாப்பானதா என்பதை ஆய்வகச் சோதனை, தரநிலை, நீண்டகாலப் பழுதுப் பதிவுகள் ஆகியவையே காட்டும்.

பின்னணி

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக எந்தச் சுவாசக் கருவியும் இன்றி மூச்சை அடக்கியே மூழ்கினர். அவர்களுடைய பாதுகாப்பு இடுப்புக் கயிற்றையும் படகில் அக்கயிற்றைப் பிடித்திருந்தவரையும் சார்ந்திருந்தது. 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள கடற்படுகைகளைச் சுவாசக் கருவி அணிந்து மூழ்கி ஆராய்ந்தனர். பின்னர் பூம்புகார்க் கடலில் நடந்த தொல்லியல் ஆய்வுகளிலும் இக்கருவிகள் பயன்பட்டன. தற்போது புதுச்சேரி, சென்னை போன்ற இடங்களில் பொழுதுபோக்கிற்காகவும் முக்குளிப்புக் கற்பிக்கப்படுகிறது.

கயிற்றின் உறுதியை முக்குளிப்பவர் தம் கையாலேயே சோதித்துக்கொள்ள முடிந்தது. சீராக்கியின் உள்ளிருக்கும் வில்லையோ கணினியின் மென்பொருளையோ அவ்வாறு சோதிக்க இயலாது. எனவே பிறருடைய சான்றை நம்பவேண்டியுள்ளது.

புத்தாக்கங்களின் வரலாறு

தேவைக்கேற்பக் காற்றை வழங்கும் கருவியை 1865 இல் பிரான்சு நாட்டின் ரூக்கேரோல், தெனேரூசு ஆகியோர் உருவாக்கினர். 1943 இல் இழாக் கூசுத்தோ, எமீல் கான்யான் ஆகியோர் உயர் அழுத்த உருளையுடன் இணைத்து அமைத்த அக்வாலங், இன்றைய ஸ்கூபா கருவிகளுக்கு முன்னோடியாகும். 1952 இல் ஆசுத்திரேலியாவின் டெட் எல்ட்ரெட் ஒற்றைக் குழாய்ச் சீராக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961 இல் பிரான்சின் மொரீசு பென்சி காற்றடைத்த மிதப்புச் சட்டையை வெளியிட்டார். 1983 இல் எட்ஜ், டெக்கோபிரெய்ன் ஆகிய முழுக்குக் கணினிகள் சந்தைக்கு வந்தன.

நிலைத்து நின்ற புத்தாக்கங்கள் பெரும்பாலும் தெளிவான ஓர் ஆபத்தைக் குறைத்தவையாகும். எடுத்துக்காட்டாக, அழுத்தமானி பரவலாவதற்கு முன்னர் பல உருளைகளில் சேமக் காற்றைத் திறக்கும் நெம்புகோல் ஒன்று இருந்தது. மூச்சிழுப்பது கடினமானதும் அதனை இழுத்து, மீதியுள்ள காற்றைக் கொண்டு மேலேற வேண்டும். அந்நெம்புகோல் தவறுதலாக முன்னரே இழுபட்டிருந்தால் எச்சரிக்கையின்றியே காற்றுத் தீர்ந்துவிடும். மீதமுள்ள காற்றை எப்போதும் காட்டும் அழுத்தமானி இக்குறையை நீக்கியது. ஆகவே புதிய கருவி ஒன்றைக் காணும்போது, அது எந்த ஆபத்தைக் குறைக்கிறது, புதிதாக எந்த ஆபத்தைச் சேர்க்கிறது என்பவையே முதலில் கேட்கவேண்டிய கேள்விகளாகும்.

எளிய கணக்கால் சோதித்தல்

சில கூற்றுகளைக் கருவியைத் தொடாமலேயே பள்ளி இயற்பியலைக் கொண்டு சோதித்துவிடலாம்.

2016 இல் ட்ரைட்டன் என்ற பெயரில் "செயற்கைச் செவுள்" ஒன்று பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் முறையில் அறிவிக்கப்பட்டது. வாயில் கவ்விக்கொள்ளும் அச்சிறு கருவி நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 4.5 மீட்டர் ஆழத்தில் 45 நிமிடம் சுவாசிக்க உதவும் எனக் கூறப்பட்டது. வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 6.5 மில்லிகிராம் ஆக்சிசனே கரைந்திருக்கும். மெதுவாக நீந்துபவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 1 லிட்டர், அதாவது ஏறத்தாழ 1,400 மில்லிகிராம் ஆக்சிசன் தேவை. எனவே கரைந்துள்ள ஆக்சிசன் முழுவதையும் பிரித்தெடுத்தாலும், நிமிடத்திற்கு 200 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் அக்கருவியின் வழியே பாயவேண்டும். கையடக்கக் கருவியால் இது இயலாது. அறிவியலாளர்களும் முக்குளிப்பவர்களும் இதனைச் சுட்டிக்காட்டிய பின்னர், திரவ ஆக்சிசன் அடைத்த கலன்களும் பயன்படுத்தப்படுவதாகத் தயாரிப்பாளர்கள் தெரிவித்தனர். திரட்டப்பட்ட பணம் திருப்பியளிக்கப்பட்டது.

கையால் காற்றடைக்கும் சிறிய உருளைகளையும் இவ்வாறே கணக்கிடலாம். 0.5 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் அடைபடுவது சுமார் 100 லிட்டர் காற்று. அமைதியாக இருப்பவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசித்தால் நீர்மட்டத்தில் இது 5 நிமிடத்திற்குப் போதும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால் 2.5 நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். வழக்கமான 12 லிட்டர் உருளையிலோ, 50 பார் சேமத்தை ஒதுக்கிய பின்னரும், அதே ஆழத்தில் 45 நிமிடத்திற்குக் காற்று கிடைக்கும்.

சிறிய உருளையில் வேறோர் ஆபத்தும் உள்ளது. அழுத்தக் காற்றைச் சுவாசித்த பயிற்சியற்ற ஒருவர், காற்றுத் தீர்ந்த அச்சத்தில் மூச்சை அடக்கியபடி மேலேறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதனைக் கிழிக்கக்கூடும். சில மீட்டர் ஆழமே இதற்குப் போதுமானது.

தரநிலைகளும் ஆய்வகச் சோதனையும்

அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு 1927 இல் நிறுவப்பட்டது. இத்தகைய ஆய்வகங்களில் மனிதரைப் போலவே மூச்சுவிடும் இயந்திரம் அழுத்த அறைக்குள் வைக்கப்பட்டுச் சீராக்கிகள் அளக்கப்படுகின்றன. ஒரு லிட்டர் காற்றைச் சுவாசிக்கச் செலவாகும் ஆற்றல் "சுவாச வேலை" எனப்படும். ஈ.என். 250 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, 50 மீட்டர் ஆழத்திற்கு இணையான அழுத்தத்தில், நிமிடத்திற்கு 62.5 லிட்டர் காற்றை வழங்கும்போது சுவாச வேலை லிட்டருக்கு 3 சூலுக்கு மிகக்கூடாது. அமைதியான முழுக்கில் எந்தச் சீராக்கியும் எளிதாகச் சுவாசிப்பது போலவே தோன்றும். ஆழத்தில் இருவர் ஒரே உருளையிலிருந்து பதற்றத்துடன் சுவாசிக்கும்போதே வேறுபாடு வெளிப்படும். அந்நிலையை மதிப்புரையாளர் தாமே உருவாக்கிப் பார்ப்பது அரிது. இயந்திரம் அதனை மீண்டும் மீண்டும் உருவாக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சுவாசக் கருவிகள் மிகுந்த ஆபத்திலிருந்து காக்கும் மூன்றாம் வகைப் பாதுகாப்புக் கருவிகளாகக் கருதப்படுகின்றன. எனவே தயாரிப்பாளரைச் சாராத அமைப்பொன்று அவற்றைச் சோதிக்கவேண்டும். சி.இ. குறியை அடுத்துள்ள நான்கு இலக்க எண் அவ்வமைப்பைக் குறிக்கும். இந்தியாவில் காற்று உருளைகள் 2016 ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளின் கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கண்காணிக்கிறது.

ஒவ்வொரு தரநிலைக்கும் ஓர் எல்லை உண்டு. முழுக்குக் கணினிகளின் விளம்பரங்களில் ஈ.என். 13319 என்ற தரநிலை அடிக்கடி குறிப்பிடப்படும். இது ஆழம், நேரம் ஆகியவற்றின் அளவீட்டுக்கு மட்டுமே உரியது. உடலில் கரைந்துள்ள நைதரசனைக் கணினி சரியாகக் கணக்கிடுகிறதா என்பதை இத்தரநிலை சோதிப்பதில்லை.

மதிப்புரைகளின் பயனும் எல்லையும்

பட்டைகள் உடலில் பொருந்துகின்றனவா, கையுறை அணிந்து பொத்தானை அழுத்த முடிகிறதா, கலங்கிய நீரில் திரையைப் படிக்க முடிகிறதா, உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்கிறதா போன்றவற்றைப் பயன்படுத்தியவரே நன்கு கூற இயலும். இவற்றில் மதிப்புரைகள் மிகவும் பயனுள்ளவை.

அரிதாக நேரும் பழுதுகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஒருவர் 100 முழுக்குகளில் ஒரு பழுதையும் காணவில்லை எனக் கொள்வோம். புள்ளியியலின்படி, உண்மையான பழுது வீதம் 100 முழுக்குகளுக்கு 3 வரை இருக்கலாம் என்ற வாய்ப்பை அதனால் விலக்கிவிட முடியாது. பத்து முழுக்குகளுக்குப் பின் எழுதப்படும் பாராட்டுரை இதனினும் குறைவாகவே சொல்கிறது.

இரண்டு நிகழ்வுகள் இதனை விளக்கும். 1995 இல் தயாரிக்கப்பட்ட அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற கணினி, காற்றைவிட ஆக்சிசன் மிகுந்த வாயுக் கலவையுடன் மூழ்குபவர்களுக்கானது. முழுக்கு முடிந்து மேலே வந்தவர் சாதாரணக் காற்றையே சுவாசிக்கிறார். ஆனால் மேலேயும் அவர் அக்கலவையையே சுவாசிப்பதாகக் கொண்டு அதன் மென்பொருள் கணக்கிட்டது. இதனால் உடலில் எஞ்சிய நைதரசன் குறைவாகக் காட்டப்பட்டு, அடுத்த முழுக்கிற்கு மிகுதியான நேரம் அனுமதிக்கப்பட்டது. இக்கருவி 2003 இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. வெளித்தோற்றத்திலோ கையாளும் முறையிலோ இப்பிழை தெரிந்திருக்காது.

இரண்டாவது, 6351 எனப்படும் அலுமினியக் கலவையால் செய்த உருளைகள் பற்றியது. பல ஆண்டுகள் அழுத்தத்தில் இருந்த பின்னரே அவற்றுள் சிலவற்றின் கழுத்துப் பகுதியில் விரிசல்கள் தோன்றின. சில உருளைகள் வெடித்தன. பின்னர்த் தயாரிப்பாளர்கள் 6061 என்ற கலவைக்கு மாறினர். புதிய உருளையைப் பார்த்து எழுதிய எந்த மதிப்புரையும் இதனைக் கூறியிருக்க இயலாது.

மதிப்புரையாளரின் சூழலும் கவனிக்கத்தக்கது. 4 பாகை செல்சியசு நீரில் மூழ்குபவருக்குச் சீராக்கி உறையாமை முதன்மையானது. தமிழ்நாட்டின் வெப்பமான கடலுக்கு அதற்கென மிகுதியாகச் செலவிடத் தேவையில்லை. இங்கு உப்பு அரிப்பு, பழுதுபார்க்கும் வசதி, உருளையில் அடைக்கப்படும் காற்றின் தூய்மை ஆகியவை முதன்மை பெறுகின்றன. காற்றமுக்கியின் எஞ்சின் புகை கலந்த காற்று, மிக விலையுயர்ந்த சீராக்கியின் வழியாக வந்தாலும் நஞ்சே ஆகும்.

மதிப்புரைகள் தொடர்பான விதிகள்

கருவியை இலவசமாகப் பெற்றவர், விற்பனையில் பங்கு பெறுபவர், விளம்பர வருவாயை நம்பியிருக்கும் இதழ் ஆகியோருக்குக் குறைகளைக் கூறுவதில் தயக்கம் ஏற்படலாம். இந்தியாவில் 2022 சூன் மாதம் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பனையாளருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்கு ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. விருப்பத்தின்பேரில் பின்பற்றுவதற்காக வெளியிடப்பட்ட இத்தரநிலை, எழுதியவரைச் சரிபார்க்கும் முறைகளைக் கூறுவதுடன், விலைகொடுத்துப் பெற்ற மதிப்புரைகளை வெளியிடலாகாது என்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் 2024 இல் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது.

எழுதியவர் நேர்மையானவரா என்பதையே இவ்விதிகள் கருத்தில் கொள்கின்றன. நேர்மையான ஒருவரும் தாம் அளக்காத ஒன்றைப் பற்றித் தவறாக எழுதக்கூடும்.

கல்வராயன் மலை: ஓர் எடுத்துக்காட்டு

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆயினும் புதுச்சேரியில் காலையில் மூழ்கிய ஒருவர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைந்து, அன்று மாலையே கல்வராயன் மலையில் ஏறிவிட முடியும். இம்மலைத் தொடரில் சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் சராசரியாக 4,000 அடி உயரமுடையவை. 4,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு.

முழுக்கின்போது உடலில் கரைந்த நைதரசன் முழுவதும் வெளியேறும் முன் அழுத்தம் குறைந்தால், அது குமிழிகளாகி அமுக்கத் தளர்வு நோயை உண்டாக்கலாம். 2002 இல் முக்குளிப்பவர் எச்சரிக்கை வலையமைப்பு நடத்திய கருத்தரங்கின் பரிந்துரைகள், 2,000 முதல் 8,000 அடி உயரத்திற்கு இணையான அறையழுத்தமுள்ள வானூர்திப் பயணங்களுக்கு உரியவை. அவற்றின்படி, காற்றைச் சுவாசித்து, மேலேறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத ஒரு முழுக்கிற்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருக்கவேண்டும். கல்வராயனின் உயரமும் இவ்வெல்லைக்குள்ளேயே வருவதால், வானூர்தியில் ஏறாதவருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

முழுக்குக் கணினி காட்டும் "பறத்தல் கூடாது" என்ற குறியை மலைச்சாலைக்கும் உரியதாகக் கொள்ளவேண்டும் என்பதை மதிப்புரைகள் கூறுவது அரிது. மேலும் கடல்நீருக்கென அமைக்கப்பட்ட ஆழமானி, கோமுகி அணை போன்ற நன்னீர் நிலைகளில் உண்மையான ஆழத்தை விட 2 முதல் 3 விழுக்காடு குறைவாகக் காட்டும். மலைப்பகுதி நீர்நிலைகளில் மூழ்குவதற்குக் கணினியில் உயரத் திருத்தமும் தேவை. ஓரிடத்தில் சிறப்பாகச் செயல்பட்ட கருவியின் அளவீட்டை வேறோரிடத்தில் அப்படியே ஏற்கலாகாது என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகளாகும்.

மதிப்புரையைப் படிக்கும்போது கவனிக்கவேண்டியவை

* எழுதியவர் கருவியை விலைகொடுத்து வாங்கினாரா, பெற்றுக்கொண்டாரா?
* எத்தனை முழுக்குகள், எவ்வளவு ஆழம், எவ்வளவு காலம் பயன்படுத்தினார்?
* கூறப்படுவது அவருடைய உணர்வா, அளவீடா? அளவீடு எனில் எந்தக் கருவியால் அளந்தார்?
* ஒரு குறையேனும் கூறப்பட்டுள்ளதா? மாற்றுக் கருவிகளுடன் ஒப்பிடப்பட்டுள்ளதா?
* குறிப்பிடப்படும் தரநிலை எதனைச் சோதிக்கிறது, எதனைச் சோதிப்பதில்லை?
* அக்கருவி எப்போதேனும் திரும்பப் பெறப்பட்டுள்ளதா?
* பழுதுபார்ப்பவரும் உதிரிப்பாகமும் எட்டும் தொலைவில் உள்ளனவா?

சீராக்கிகளையும் உருளைகளையும் தொடர்ந்து பழுதுபார்ப்பவர்களும் பயிற்றுநர்களும் ஒரே வகைக் கருவியைப் பெரும் எண்ணிக்கையில் காண்கின்றனர். எனவே திரும்பத் திரும்ப நேரும் பழுதுகளை அவர்களால் முன்னதாகவே அறிய இயலும். எந்தக் கருவியாயினும், ஆழமற்ற நீரில் துணையுடன் பயன்படுத்திப் பழகிய பின்னரே ஆழத்திற்குக் கொண்டுசெல்லவேண்டும் என்பது முக்குளிப்புப் பயிற்சியின் பொது விதியாகும்.