சாம்பிள் சரக்கும் வீடியோ கேம் டிரெய்லரும்



மொத்த வியாபாரத்தில் சாம்பிள் என்பது பாதி வியாபாரம். மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் விழும் ஒரு பிடி துவரம் பருப்பைப் பார்த்துத்தான் நூறு மூட்டைக்கு விலை பேசுகிறோம். அந்த ஒரு பிடிக்கு இரண்டு வேலை உண்டு. வாங்க வந்தவரை நின்று பார்க்க வைக்க வேண்டும். மூட்டைக்குள் இருப்பதை உள்ளபடி காட்டவும் வேண்டும்.

விளம்பரமும் சாம்பிளைப் போன்றதுதான். நம் உறுப்பினர்கள் பலர் இப்போது உள்ளூர் கேபிள் டிவியிலும், செல்போனில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் முப்பது விநாடி விளம்பரம் போடுகிறார்கள். பெரும்பாலானவை எப்படி இருக்கின்றன? முதலாளியின் படம், கடையின் முகப்பு, இருபது சரக்கின் பெயர், தள்ளுபடி, மூன்று போன் நம்பர், அத்தனையும் ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடுகின்றன. பார்த்தவர் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. பெரிய கடைகளும் ஆன்லைன் வியாபாரமும் வாடிக்கையாளரை இழுக்கும் காலத்தில், செலவழித்த பணம் வீணாகலாமா?

இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் வீடியோ கேம் தயாரிப்பாளர்கள். நம் பேரப்பிள்ளைகள் கண் கொட்டாமல் விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டுகளுக்கும் சினிமாவைப் போலவே டிரெய்லர் என்னும் முன்னோட்டப் படம் உண்டு. கையில் எடுத்து விளையாட வேண்டிய பொருளை, வெறுமனே பார்க்க வைத்தே விற்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கேள்வியை முதலில் வை

2011 பிப்ரவரியில் 'டெட் ஐலண்ட்' என்ற விளையாட்டின் முன்னோட்டம் வெளிவந்தது. தீவுக்கு விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்தை நடைப்பிணங்கள் தாக்குவதுதான் கதை. அதைத் தலைகீழாகச் சொன்னார்கள். புல்தரையில் ஒரு சிறுமி உயிரற்றுக் கிடக்கிறாள். காலம் பின்னோக்கி ஓடுகிறது. அவள் மேலெழும்பி, உடைந்த ஜன்னல் வழியே அறைக்குள் திரும்புகிறாள். பின்னணியில் மெல்லிய பியானோ இசை. 'இந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது?' என்ற ஒரே கேள்விக்காகப் பார்ப்பவர் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் இது தங்க விருது பெற்றது.

இதில் நமக்குள்ள முதல் பாடம்: முதல் சில விநாடியில் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும், பதிலைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். கடைப் பெயரையும் விலையையும் முதலிலேயே சொல்லிவிட்டால், மீதியைப் பார்க்க ஆளுக்குக் காரணம் இல்லை.

வேகத்தை அளந்து கொடு

இரண்டாவது பாடம் வேகம். நல்ல முன்னோட்டம் தொடக்கத்தில் நிதானமாக நடக்கும். ஒரு காட்சி நான்கைந்து விநாடி நிற்கும். பிறகு இரண்டு விநாடி, ஒரு விநாடி என்று காட்சிகள் சுருங்கி ஓட்டம் பிடிக்கும். உச்சத்தில் திடீரென்று ஒரு நிசப்தம். அதன் பின்னரே பெயரும், வெளிவரும் தேதியும் திரையில் வரும். அந்த நிசப்தத்தில் கவனம் முழுவதும் திரண்டு நிற்பதால் பெயர் மனத்தில் பதிகிறது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே வேகத்தில் கத்தினால் காது பழகிவிடும், எதுவும் உறைக்காது.

2023 டிசம்பரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் வந்தது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்தான். ஒரே நாளில் 9 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. விளையாட்டில் உள்ளதையெல்லாம் அவர்கள் அதில் திணிக்கவில்லை. ஒரு ஊர், ஒரு பெண், அவளோடு ஒரு துணைவன். அவ்வளவே.

நம் சமையலறையும் சரக்குதான்

கதை என்றால் துப்பாக்கியும் ஓட்டமும் வேண்டும் என்பதில்லை. கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31-ல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதியின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்து போயிருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்ய வேண்டும், அதுதான் விளையாட்டு. அந்நிய மண்ணில் வளரும் மகன் தாய்மொழியை விட்டு விலகுவதே அதன் வலி. முன்னோட்டங்களிலும் இந்த அடுப்பங்கரையையும் குடும்பத்தையும்தான் காட்டினார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு என்று விருது கொடுத்தது. இட்லித் தட்டை உலகம் நின்று பார்க்குமானால், நம் கடைச் சரக்கில் கதை இல்லை என்று யார் சொல்வது?

சாம்பிள் ஒன்று, மூட்டை ஒன்று

இனி சாம்பிளின் இரண்டாவது வேலைக்கு வருவோம். 'டெட் ஐலண்ட்' முன்னோட்டத்தைப் பார்த்து நெஞ்சு கனத்தவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் விளையாட்டை வாங்கினார்கள். உள்ளே நடைப்பிணங்களை அடித்து வீழ்த்தும் வேலைதான் பெரிதாக இருந்தது. அந்தக் குடும்பத்தின் சோகத்தைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள்.

'சைபர்பங்க் 2077' என்ற போலந்து நாட்டு விளையாட்டின் முதல் முன்னோட்டம் 2013-ல் வந்தது. எட்டு ஆண்டு ஆவலைக் கிளப்பி 2020 டிசம்பர் 10-ல் சரக்கு வந்தபோது, பழைய விளையாட்டுக் கருவிகளில் அது சரியாக ஓடவில்லை. சோனி நிறுவனம் சுமார் ஒரு வாரத்தில் அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ல் வெளியான 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இருந்த பாட்டு படத்தில் இல்லை. பார்வையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நுகர்வோர் ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் மட்டுமே ஒப்பந்தம் ஆகாது, கலைப் படைப்பில் படைப்பாளிக்குச் சுதந்திரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

துவரம் பருப்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை நிறுத்தும்படி வணிகருக்கு உத்தரவிட மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தயாரிப்பாளருக்கும், விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கும் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் கடைக்கு ஒரு மாதிரி

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து விநாடி, ஒரு பழைய தேக்குக் கதவு. அதில் தொங்கும் மாங்காய்ப் பூட்டு. பெயர் வேண்டாம், பேச்சு வேண்டாம். அடுத்த பத்து விநாடி, சாவியை அரத்தால் ராவும் கை; அந்த ஓசை மட்டும். அதன்பின் ஐந்து விநாடி லீவர், மூடி, ஆணி என்று வேகமாக. பிறகு சாவி திரும்பும் 'டக்' என்ற ஒலி. ஒரு கணம் நிசப்தம். மீதி நேரத்தில் கடைப் பெயர், தெரு, விலை, ஒரே ஒரு போன் நம்பர். காட்டிய அதே பூட்டு, சொன்ன அதே விலைக்குக் கடையில் இருக்க வேண்டும்.

ஒரு விளம்பரத்துக்கு ஒரு சரக்கு போதும். பருப்புக்கு ஒன்று, மிளகாய் வற்றலுக்கு ஒன்று என்று மாதம் ஒன்றாகப் போடலாம். விளம்பரம் ஆளைக் கடை வாசல்வரை கொண்டுவந்துவிடும். வாசலைத் தாண்டியபின் பேச வேண்டியது தராசும் சரக்கும். அங்கே ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த விளம்பரத்தை எத்தனை அழகாக எடுத்தாலும் பார்க்கமாட்டார்.