நொய்யல் ஏன் உவர்த்தது?

திருப்பூர்ச் சாயக்கழிவு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நிறம் மாறி ஓடிய நொய்யல் ஆறு. ஆனால் நிலத்தைப் பாழாக்கியதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்குத்தான்.

சாயப்பட்டறைக்கு உப்பு எதற்கு? தண்ணீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை பெறுகிறது. சாய மூலக்கூறுக்கும் அதே தன்மை. ஆகவே இரண்டும் விலகி நிற்கும். உப்பைக் கொட்டினால் அதிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. சாயம் இழையில் ஏறுகிறது. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டதில் பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது.

நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரித்தால் கரிமக் கழிவு குறையும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும்.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை இந்தக் கழிவுநீரின் தேக்கமாகிப்போனது. சுற்றுவட்டாரக் கிணறுகளும் உவர்த்தன. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது, பயிர் வாடும். உழவருக்கென்று எழுப்பிய அணையே அவர்கள் நிலத்தைக் கெடுத்தது பெருங்கொடுமை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்து, மிஞ்சும் உப்புக்கரைசலை ஆவியாக்கி, நீரையும் உப்பையும் மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் வேரூன்றியது. இதற்குச் செலவு அதிகம்தான். அதுவரை அந்தச் செலவைச் சுமந்தவர்கள் ஆற்றோர உழவர்கள்.